பாய் தைப்பவரின் நியமனப் பத்திரம்

1

"நீர் இஞ்ச வந்து இருபது வருசம் தாண்டிப்போச்சு. அந்தக் கதையை எழுதும் ஐசே, ஊரில இருக்கிற சனம் வாசிக்கட்டும்" என்று குணம் அண்ணை சொன்னார். ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். நான் மாதத்துக்கு ஒருமுறை கெல்சென்கிர்ச்சனிலிருந்து ரயிலேறிப் போய் அவரிடம் ஒடியல் மாவும் கருவாடும் வாங்குவேன். அன்று அவர் பொதி கட்டிக்கொண்டே சொன்னது மனதில் நின்றுவிட்டது.

ஆனால் வந்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். காட்டு வழி, லொறி, முகாமில் முதல் பனி. எனக்கும் அதேதான். அதில் நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு நடந்த ஒன்றைத்தான் சொல்லவேண்டும் போலிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முதலில் என் பொழுதுபோக்கைச் சொல்லவேண்டும். அதுவே பலருக்குச் சிரிப்பாக இருக்கும்.

நான் பழைய நியமனப் பத்திரங்களைச் சேர்க்கிறவன். அதிலும் ஒரேயொரு வகை. அமெரிக்கக் கடற்படையில் ஒருவரை அதிகாரியாக நியமித்து, அந்த நாட்டுச் சனாதிபதி ஒப்பமிட்டுக் கொடுத்த பத்திரங்கள். நூறு, நூற்றைம்பது வருடப் பழையவை. ஆட்டுத்தோலைப் பதப்படுத்திய தாளில் அச்சடித்திருப்பார்கள். மேலே சிறகு விரித்த கழுகு, கீழே குதிரைகள் இழுக்க அலைமேல் வரும் கடல் தெய்வம். நடுவில் அழகான எழுத்தில் அந்த ஆளின் பெயர். அடியில் ஒப்பம்.

முதலாவது பத்திரம் ஞாயிறு பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. மகளுக்கு ஒரு பழைய சைக்கிள் பார்க்கப் போயிருந்தேன். சைக்கிள் கிடைக்கவில்லை. ஒரு கிழவியின் விரிப்பில் கண்ணாடிச் சட்டம் ஒன்று கிடந்தது. சட்டத்துக்காகத்தான் வாங்கினேன். குடும்பப் படம் ஒன்றை அதில் போடுகிற யோசனை. வீட்டுக்கு வந்து உள்ளே இருந்ததை எடுத்து, குசினி மேசையில் வைத்து வாசித்தேன். எனக்கு ஜேர்மன் மொழியைவிட ஆங்கிலம் கொஞ்சம் கைவசம். இன்னாருடைய நாட்டுப்பற்றிலும் வீரத்திலும் விசுவாசத்திலும் திறமையிலும் விசேட நம்பிக்கை வைத்து அவரை நியமிக்கிறேன் என்று எழுதியிருந்தது.

குடும்பப் படம் இன்னும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது.

2

ஏன் இது பிடித்துப்போனது என்று மனைவி ரதி பலமுறை கேட்டிருக்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இந்த நாடு எனக்குத் தந்த தாள்களை ஒரு பெரிய கோப்பில் வைத்திருக்கிறேன். முதல் அகதி விண்ணப்பத்துக்கு வந்த பதிலில், நான் சொன்னவை நம்பத்தகுந்தவையாக இல்லை என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வந்த தாள்களெல்லாம் தற்காலிகம். மூன்று மாதம், ஆறு மாதம், பிறகு ஒரு வருடம். ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்புக்கு நேரம், எடுத்து, நடைக்கூடத்து வாங்கில் காத்திருந்து, உள்ளே போய்ச் சொன்னதையே திரும்பச் சொல்லவேண்டும். சொன்னதில் ஒரு திகதி மாறினாலும் எதிரே இருப்பவரின் பேனா நின்றுவிடும். பெயரே பிழை. எங்கள் முறைப்படி தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதியதால், இந்த நாட்டில் நான் ஹெர் வைத்திலிங்கம், அதாவது திரு. வைத்திலிங்கம். காலமான என் தகப்பனைத்தான் இருபது வருடமாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

அப்படி இருந்தவன், ஒரு நாட்டுத் தலைவர் யாரோ ஒரு சாதாரண ஆளிடம் உன்மேல் எனக்கு விசேட நம்பிக்கை என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்தால் என்ன செய்வான்? நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு அதைப்போல இன்னொன்றைத் தேடினேன்.

விலை கூடியவற்றை நான் தொட்டதில்லை. கறை பட்டவை, மடிப்பில் கிழிந்தவை, பெயர் தெரியாத சனாதிபதிகளுடையவை. சிலவற்றில் சனாதிபதிக்காக வேறொருவர் ஒப்பமிட்டிருப்பார், சிலவற்றில் அச்சு ஒப்பம். உருப்பெருக்கும் வில்லையை வைத்துப் பார்த்தால் மை தாளில் இறங்கியிருக்கிறதா என்று தெரியும். இதையெல்லாம் மெல்ல மெல்லப் பழகினேன். பகலில் நான் மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் தொழிற்சாலையில் நிற்பவன். ஆவியும் குளோரின் மணமும்தான் என் நாள். வீட்டுக்கு வந்து கை கழுவி, அந்தத் தாள்களை எடுத்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும்.

எங்கள் சனத்துக்கு இது விளங்கவில்லை. அவர்களில் பிழையும் இல்லை.

"கடற்படைப் பேப்பரோ? உமக்குச் சேர்க்க வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று குணம் அண்ணை கேட்டார்.

"இது அமெரிக்காவின்ர அண்ணை. பாய்க்கப்பல் காலத்து."

"எந்தக் காலத்து எண்டாலும் கடற்படை கடற்படைதானே."

எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய தம்பி, ஊரில் கடற்படை ரோந்து சுற்றிய காலத்தில், கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவர் வருகிற வீட்டில் கடற்படைப் பத்திரம் சுவரில் தொங்கக்கூடாது என்று ரதி சொன்னாள். அது நியாயம். நான் எல்லாவற்றையும் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன்.

3

உலகக் கிண்ணக் கால்பந்து எங்கள் பக்கத்தில் நடந்து முடிந்த ஆண்டின் இலையுதிர்காலம். பல்கனிகளில் சிலர் கொடியை இன்னும் கழற்றவில்லை. டோர்ட்மண்டில் ஒரு மண்டபத்தில் சேகரிப்பாளர் சந்தை என்று அறிந்து போனேன். முத்திரை, நாணயம், பழைய தாள்கள் எல்லாம் மேசை மேசையாக வைத்து விற்பார்கள்.

மகள் தர்சிகாவையும் கூட்டிப்போனேன். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவளுக்கு வர விருப்பமில்லை. தோழிக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க டோர்ட்மண்டில் அலுவல் இருந்ததால் வந்தாள். எனக்கு அவள் தேவைப்பட்டாள். என் ஜேர்மன் தொழிற்சாலைக்குப் போதும், பேரம் பேசக் காணாது. சின்ன வயதிலிருந்தே டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் எனக்காகக் கதைப்பவள் அவள்தான்.

ஹெர் ஓல்மான் என்ற வியாபாரியின் மேசையில்தான் கடற்படைத் தாள்கள் இருந்தன. வெள்ளைத் தாடி, கம்பளி மேற்சட்டை. ஒரு கப்பல் மருத்துவரின் நியமனப் பத்திரத்தை அவர் எடுத்துக் கையில் தந்தார். நல்ல தாள். நான் வில்லையை வைத்து நெடுநேரம் பார்த்தேன். என்னால் வாங்க முடியாது என்று தெரிந்தது. நன்றி சொல்லித் திருப்பி மேசையில் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனோம்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் குரல் கேட்டது. ஹெர் ஓல்மான் வேகமாக வந்துகொண்டிருந்தார். வந்தவர் என்னிடம் பேசவில்லை, மகளிடம் பேசினார்.

"மன்னிக்கவேண்டும் பெண்ணே. அந்த மருத்துவரின் பத்திரத்தைக் காணவில்லை. கடைசியாக உன் அப்பாவின் கையில்தான் இருந்தது. தவறுதலாக அவர் பைக்குள் போயிருக்கக்கூடுமா என்று கேட்டுச் சொல்."

அவர் சொன்னதில் 'பை' என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. மகள் வாய் திறந்து மொழிபெயர்ப்பதற்குள் நான் பையைப் பக்கத்து மேசையில் வைத்து, சிப்பை முழுதாக இழுத்துத் திறந்து, ஒரு அடி பின்னே போய், இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

என்னை யாரும் கையைத் தூக்கச் சொல்லவில்லை. நானும் யோசித்துத் தூக்கவில்லை.

நாணயம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "அப்பா" என்றாள் மகள். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "கையை இறக்குங்கோ அப்பா. பிளீஸ்" என்றாள்.

ஹெர் ஓல்மான் பையைத் தொடவில்லை. ஆனால் எட்டிப் பார்த்தார். புட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், வில்லை, தாளைச் சுற்றிக் கொண்டுவர நான் வைத்திருந்த ஒரு வெள்ளைத் துவாய். துவாயின் ஓரத்தில் ஒரு மருத்துவமனையின் பெயர் நெய்திருந்தது. கிழிந்தவற்றைத் தொழிற்சாலையில் எங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய கண் அந்தப் பெயரில் நின்றதை நான் கண்டேன். மகளும் கண்டாள்.

அந்த நேரம் அவருடைய மனைவி தூரத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பத்திரத்தை இன்னொரு வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டு வேறு உறைக்குள் தானே வைத்துவிட்டாராம். ஹெர் ஓல்மான் சிரித்தார். "சரி, கிடைத்துவிட்டதே" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். பிறகு எங்களைத் தன் மேசைக்கு அழைத்துப்போய், பெட்டியைக் கிளறி ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார். ஏதோ சொன்னார். நான் விளங்கிக்கொண்டது, என்ட்ஷுல்டிகுங். மன்னிப்பு.

நான் குனிந்து, "மிக்க நன்றி, பரவாயில்லை, மிக்க நன்றி" என்றேன். வாசல்வரை வந்தும் ஒருமுறை திரும்பி நன்றி சொன்னேன்.

4

ரயிலில் தர்சிகா ஜன்னல் பக்கம் இருந்தாள். பரிசு வாங்கும் கதையே எடுக்கவில்லை. நான் தாளை விரித்துப் பார்த்தேன். ஒரு கப்பலுக்குப் பாய் தைப்பவரை நியமிக்கும் பத்திரம். பெரிய அதிகாரி அல்ல, ஊசியும் நூலும் பிடிக்கிற ஆள். அவருக்கும் சனாதிபதி ஒப்பமிட்டிருக்கிறார். ஒப்பத்தில் மை இறங்கியிருந்தது. இப்படி ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை.

"நல்ல மனுசன். சபைக்கு முன்னால மன்னிப்புக் கேட்டவர்" என்று சொன்னேன்.

அவள் திரும்பினாள். "அவர் மன்னிப்புக் கேக்கேல்லை அப்பா."

"கேட்டவர் பிள்ளை. என்ட்ஷுல்டிகுங் எண்டவர்."

"என்ட்ஷேடிகுங் எண்டவர். சின்ன என்ட்ஷேடிகுங்கா இதை வைச்சிருங்கோ எண்டவர். அது மன்னிப்பு இல்லை. தமிழில என்ன… நட்டஈடு. நட்டத்துக்குத் தாறது."

இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஓர் அசைதான் இடறுகிறது. இருபது வருடத்தில் அந்த இரண்டையும் எத்தனை அலுவலகங்களில் கேட்டிருப்பேன். நான் தாளை மடித்தேன்.

"நீங்கள் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னீங்கள். குனிஞ்சு சொன்னீங்கள்" என்றாள். "நீங்கள் கையைத் தூக்கினபடியால் நான் ஒரு நிமிசம் நினைச்சிட்டன்… நீங்கள் எடுத்திட்டீங்கள் எண்டு."

அவளில் கோபிக்க எனக்கு வழியில்லை. கையைத் தூக்கி நிற்கிறவனைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஊரில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலத்தில், சொல்லுமுன்பே பையைத் திறந்து சொல்லுமுன்பே கையைத் தூக்கினால் அடி விழாது என்று பழகியிருந்தோம். அவள் பிறப்பதற்கு முந்திய கதை. அதை அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ரயிலில் சொன்னேன். முழுதாகச் சொல்ல வரவில்லை. அவள் அரைவாசியில் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "காணும் அப்பா. இறங்கவேணும்" என்றாள்.

5

அந்தத் தாளை நான் மற்றவற்றோடு வைக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கடித உறைக்குள் கிடந்தது. வேலையால் வந்ததும் தாள்களை எடுத்துப் பார்க்கிற பழக்கம் நின்றுபோனது. எதை எடுத்தாலும் விசேட நம்பிக்கை என்ற வரிக்கு வரும்போது மண்டபத்தில் திரும்பிப் பார்த்த முகங்கள் தெரிந்தன.

ரதிக்கு விசயம் தெரிந்தபோது அவள் ஹெர் ஓல்மானில் கோபிக்கவில்லை, என்னிலும் கோபிக்கவில்லை. "தந்ததைத் திருப்பிக் குடுக்கப்போய் இன்னுமொருக்கா அவமானப்படப் போறியளோ? பேசாமல் விடுங்கோ" என்றாள். அவள் சொன்னபடியே விடலாம் என்றுதான் நானும் இருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தாளைக் கொடுக்க எனக்கு மனமில்லை. வெட்கத்தோடு சேர்த்து அதன்மேல் ஆசையும் இருந்தது. அந்த ஆசை இருந்ததுதான் இன்னும் வெட்கம்.

தர்சிகா வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துகொண்டு வந்த வயது அது. அறைக்குள் கதவைச் சாத்தினால் சாப்பாட்டுக்குத்தான் திறப்பாள். ஒரு மாலை சாப்பாட்டு நேரமல்லாத நேரத்தில் வந்து என்முன் நின்றாள்.

"நான் ஹெர் ஓல்மானுக்குப் போன் எடுத்தனான். சனிக்கிழமை பின்னேரம் டெர்மின். ஹாகனில வீடு."

"என்னத்துக்கு?"

"நீங்கள் பேப்பரைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு. விருப்பமில்லை எண்டால் சொல்லுங்கோ, கான்சல் பண்ணுறன்."

விருப்பமில்லை என்று சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போவம்" என்றேன்.

"நீங்கள்தான் கதைக்கவேணும்" என்றாள். "நான் சும்மா பக்கத்தில நிப்பன்."

6

சனிக்கிழமை வழிமுழுக்க ஒரு வசனத்தை மனப்பாடம் செய்தேன். எனக்கு நட்டஈடு வேண்டாம். ஜேர்மன் மொழியில் நாலு சொல். அகராதியில் பார்த்து, உச்சரிப்பை மகளிடம் கேட்டு, ரயிலிலும் பஸ்ஸிலும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

ஹாகனில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஹெர் ஓல்மான்தான் கதவைத் திறந்தார். வீட்டுச் சப்பாத்து, கையில் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகை. எங்களை உள்ளே வரச் சொன்னார். நான் கால்துடைப்பானிலேயே நின்று, உறையை இரண்டு கையாலும் நீட்டி, மனப்பாடம் செய்த வசனத்தைச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் நல்லதாகப் போயிற்று. நானும் அதைத்தான் நினைத்தேன். அதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? உள்ளே வாருங்கள், காப்பி குடிப்போம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நீங்கள் மாறிச் சொல்லிப்போட்டீங்கள். மன்னிப்பு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டீங்கள்."

திருத்திச் சொல்ல முயன்றேன். இரண்டு சொல்லும் வாயில் வந்து ஒன்றையொன்று இடித்தன. வாழ்நாளில் ஒருமுறை எனக்கென்று பேசப் போன இடத்தில் மொழியில்லாமல் நின்றேன்.

பக்கத்தில் சும்மா நிற்பேன் என்றவள் ஓரடி முன்னே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. ஜேர்மன் மொழியில், நிறுத்தி நிறுத்தி, அவருக்கு விளங்கும்படி சொன்னாள். என் அப்பா நட்டஈடு வேண்டாம் என்று சொல்ல வந்தார். அதனால்தான் இதைத் திருப்பித் தருகிறார். அன்று அத்தனை பேர் பார்க்க அவருடைய பை திறந்து கிடந்தது. பத்திரம் கிடைத்த பிறகு நீங்கள் சிரித்தீர்கள். மன்னிப்பாக ஒரு சொல் சொல்லவில்லை.

"நான் அவர் பையைத் திறக்கச் சொல்லவே இல்லையே. அவராகத்தானே திறந்தார்?" என்றார் ஹெர் ஓல்மான்.

"ஓம், அவராகத்தான் திறந்தார்" என்றாள். அவசரத்தில் அந்த 'ஓம்' தமிழிலேயே வந்தது. "அது ஏன் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்."

அவர் பத்திரிகையை மடித்து வாசல் அலுமாரியின்மேல் வைத்தார். உறையைப் பிரித்துத் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தத் தாளின் அருமை எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். உள்ளேயிருந்து அவர் மனைவி யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

"உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் பெண்ணே" என்றார் கடைசியில்.

"என்னிடம் இல்லை. அவர் இங்கே நிற்கிறார்."

ஹெர் ஓல்மான் என் பக்கம் திரும்பினார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். ஹெர் வைத்திலிங்கம் என்ற பெயரைத் துண்டு துண்டாக, ஆனால் முழுதாகச் சொன்னார். நான் உங்களுக்கு அநியாயம் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். கை நீட்டினார். நான் பிடித்தேன். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கதவு நிலையில் மழைத்துளி ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காப்பிக்கு நாங்கள் நிற்கவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் தர்சிகா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, காதில் பாட்டுக் கேட்கும் கருவியைச் செருகிக்கொண்டாள். வெற்றி பெற்றவள் போல இல்லை, களைத்துப் போயிருந்தாள். எனக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மண்டபத்தில் வந்த வெட்கம் போயிருந்தது, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைக்காகத் தகப்பன் போய் நிற்கவேண்டிய வாசலில், தகப்பனுக்காகப் பிள்ளை நின்றிருக்கிறாள். டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், அலுவலகத்தில் எல்லாம் அவள் என் சொற்களைத்தான் கொண்டுபோனாள். இன்று சொற்களும் அவளுடையவை.

வீட்டில் ரதி சோறு போட்டு வைத்திருந்தாள். நாங்கள் கை கழுவி வந்து உட்காரும்வரை பொறுத்திருந்தாள்.

"என்னவாம் அந்த மனுசன்?"

தர்சிகா பருப்பை எடுத்துச் சோற்றில் ஊற்றினாள்.

"மன்னிப்புக் கேட்டவர் அம்மா" என்றாள். "அப்பா நல்ல வடிவாக் கதைச்சவர். எனக்கு அங்க ஒரு வேலையும் இருக்கேல்லை."

ரதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் பெருமை இருந்தது. பல வருடமாக நான் காணாத பெருமை. அது எனக்குரியதல்ல என்று சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.